கடலைப் பார்த்து நிற்க வேண்டாம்

மின்னி பே, போர்ட் பிளேர்
3 ஜனவரி 2024

என்னைத் தள்ளிவைத்த மருமகள் கார்த்திகாவுக்கு,

இப்போது நான் எழுதப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா மங்கையர்க்கரசி, என் கூடப் பிறந்தவள், அவளும் நம்பமாட்டாள். உன் அத்தை ஷோபனா, நான் பேனாவின் மூடியைக் கழற்றிய சத்தத்துக்கே சமையலறையிலிருந்து "ஆரம்பிச்சாச்சா?" என்கிறாள். வங்காள விரிகுடாவின் இரு கரையிலும் இதை நம்பக்கூடிய உயிர் ஒன்றுகூட இல்லை. ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியின் தலைமை அறிவிப்பாளன் என்ற முறையில், மைக்கின் தலையில் கைவைத்து இதைச் சத்தியமாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். நல்லது. தபால்காரரை பிளாக் செய்ய எந்த போனிலும் பட்டன் கிடையாது. லே நகரத்தில் பனி எத்தனை ஆள் உயரம் விழுந்தாலும் அவர் நீந்தி வந்து இதைக் கொடுப்பார்.

நீ வங்கி வேலைக்கு லடாக் போனாய், சந்தோஷம். போன இடத்தில் ஐஸ் ஹாக்கி ஆட ஆரம்பித்தாய், அதிலும் கோல் காக்கும் கோலியாக நிற்கிறாய், அதுவும் சந்தோஷம். ஆனால் எப்போது போன் செய்தாலும் "டோல்கர் மேடம் சொன்னாங்க, டோல்கர் மேடம் அப்படி நிக்கச் சொன்னாங்க." யார் அந்த டோல்கர்? கோச் என்கிறாய். பல் முளைக்காத வயதில் கோல் போஸ்டுக்கு நடுவே உன்னை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தவன் யார்? ஜெட்டி ஊழியர் கால்பந்து அணியின் கோலி யார்? சரி, நான் வாயைத் திறக்கவில்லை. கதையைக் கேள்.

உன் டோல்கர் மேடம் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அந்தமானில் ஐஸ் ஹாக்கி இருந்தது. ஜங்லிகாட்டில் மீனுக்கு ஐஸ் போடும் பழைய ஃபேக்டரியில் ஒரு நாள் குழாய் வெடித்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மீன் ஏலம் விடும் கூடம் முழுக்க உறைந்து கண்ணாடியாகிவிட்டது. அன்றைக்குப் பார்த்து துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் நின்றது. அதன் மாலுமிகள் ஒவ்வொருவனும் ஏழடி. குனிந்துதான் வானத்துக்குக் கீழே வருவார்கள். ஐஸைப் பார்த்ததும் அவர்களுக்குத் தாய்வீடு ஞாபகம் வந்து, "வர்றீங்களா ஒரு கை?" என்றார்கள். துடுப்புதான் மட்டை. உறைந்த சூரை மீனை வட்டமாக ஒரு துண்டு போட்டோம், அதுதான் நீ சொல்லும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, பக்.

நம் அணிக்கு முதல் கோலி ஜெகநாதன். இரண்டாவது கோலி உன் மாமா சொக்கலிங்கம். இதிலேயே அநியாயம் தெரிகிறதா? அவன் பிடித்த ஒவ்வொரு மீன்துண்டும் என் வயிற்றில் வந்து விழுந்தது. ஊரே கைதட்டியது, நான் மட்டும் என் கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டேன். கடவுள் இருக்கிறார். குளிரில் ஜெகநாதன் நின்ற நிலையிலேயே உறைந்துபோனான். நாலு பேர் அவனைப் பலகை மாதிரித் தூக்கிக்கொண்டு போய் கார்பின்ஸ் கோவ் மணலில் வெயிலுக்குக் காயப்போட்டார்கள். இன்றைக்கும் அவன் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கிறான், வேண்டுமானால் தொட்டுப் பார்.

பிறகு நான் இறங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டு அடி வந்தது. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ரகசியம் ஒன்றுதான்: பக்கைப் பார்க்கவே கூடாது. அடிப்பவனின் கண்ணைப் பார். கண் போகும் இடத்துக்குத்தான் பக் போகும். உன் மேடம் "பக்கை மட்டும் பாரு" என்கிறாளாமே. பாவம், அவளுக்கு ஏழடி ஆள்களோடு பழக்கமில்லை.

பதில் எழுதவும். பிளாக்கை எடுக்கவும்.

உன் ஒரே தாய்மாமன்,
சொக்கலிங்கம்

*

லே
14 ஜனவரி

மாமா,

கடிதம் வந்தது. தபால்காரர் நீந்தவில்லை, பைக்கில் வந்தார்.

எதற்கு பிளாக் செய்தேன் என்று தெரியாத பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். முதல் மேட்ச் அன்று டோல்கர் மேடத்தின் நம்பரை அம்மாவிடம் வாங்கி போன் செய்தது யார்? அவங்க ஸ்கேட் கட்டிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சில் வைத்தாங்க. உடை மாற்றும் அறையில் பதினெட்டுப் பெண்கள். உங்கள் குரல் ஜெட்டியில் கேட்கிற மாதிரியே கணீரென்று கேட்டது. "மேடம்ஜி, மேரா பாஞ்சி ஏக் நம்பர் கோலி. வோ தூஸ்ரா லட்கி கோ பெஞ்ச் மே பிட்டாவ்." நான்தான் முதல் கோலியாம். அந்த இன்னொரு பெண், பெஞ்சில் உட்காரவைக்கச் சொன்னீர்களே, அவள் பெயர் பத்மா. என் பக்கத்தில்தான் உட்கார்ந்து கால்காப்பின் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். பட்டையைக் கழற்றி மறுபடி முதலில் இருந்து மாட்டினாள்.

மேடம் சிரித்துவிட்டு, "உன் மாமாவுக்கு நல்ல குரல்" என்றாங்க. பிறகு பத்மாவைத்தான் இறக்கினாங்க. உங்கள் போனால் இல்லை. அவள் என்னைவிட நன்றாக ஆடுகிறாள். இதை எழுதப் பேனா மூன்று தடவை நின்றது.

இரண்டாவது கோலியின் வேலை என்னவென்று தெரியுமா? கோலிக்குரிய எல்லாக் கவசத்தையும் மாட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் நின்று, ஆட்டக்காரர்கள் மாறும்போது கதவைத் திறந்து மூடுவது. அவ்வளவுதான். மேட்ச் முழுக்கக் கதவு. ஒவ்வொரு தடவை எதிரணி பத்மாவை நோக்கி வரும்போதும் என் ஒரு மனது "பிடி" என்கிறது, இன்னொன்று "விடு" என்கிறது. அந்த இரண்டாவது மனதின் குரல்தான் உரக்கக் கேட்கிறது, மாமா. உங்கள் ஐஸ் ஃபேக்டரிக் கதையில் கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டீர்கள் என்று படித்தபோது, இந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோலியின் கஷ்டம் மற்றவர்களுக்குப் புரியாது. முன்னால் ஆடுகிறவள் பத்து தடவை தவறவிட்டால் யாருக்கும் ஞாபகமிருக்காது. கோலி ஒன்றைத் தவறவிட்டால் ஹாரன் அடிக்கிறார்கள். உள்ளே போன பக் வலையில் தங்காது, தலைக்குள் போய்ச் சுற்றும். சுற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வரும்.

ஒரு விஷயம் சொல்கிறேன், தலைகால் தெரியாமல் ஆடாதீர்கள். நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த எதுவும் இங்கே உதவவில்லை. அடிக்கிறவளின் கண்ணைப் பார் என்றீர்கள். எல்லோரும் தலைக்கவசத்துக்குப் பின்னால் இருக்கிறார்கள், கண்ணே தெரியாது. ஆனால் நீங்கள் கற்றுக்கொடுக்காத ஒன்று உதவுகிறது. ஸ்கூல் விட்டு ஜெட்டியில் வந்து உங்களுக்காகக் காத்திருப்பேன் இல்லையா, அப்போது கப்பல் போன பிறகு இந்தியில் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, தமிழில் நீங்களாக ஒன்று சேர்த்துச் சொல்வீர்கள்:

"கவனிக்கவும். ஹட்பே செல்லும் கப்பல் புறப்பட்டுவிட்டது. தவறவிட்ட பயணிகள் கடலைப் பார்த்து நிற்க வேண்டாம். அடுத்த கப்பலுக்கான வரிசைக்கு வரவும்."

கோல் விழுந்ததும் நான் வலைப்பக்கம் திரும்பி, கம்பத்தை மட்டையால் ஒரு தட்டுத் தட்டி, இதை அப்படியே உங்கள் குரலில் முணுமுணுப்பேன். போர்ட் பிளேர் காலேஜில் புல்தரை ஹாக்கி ஆடியபோதே ஆரம்பித்த பழக்கம். முடித்துவிட்டுத் திரும்பினால் தலை காலியாக இருக்கும். நேற்றுப் பயிற்சியில் பத்மா கேட்டாள், "திரும்பி நின்னு என்ன சொல்ற?" நான் சொல்லவில்லை.

கார்த்திகா

*

மின்னி பே
23 ஜனவரி

அருமை மருமகளே, என் குரலின் ஏக வாரிசே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஒரு முழு நாள் தரையில் நடக்கவில்லை. அத்தையைக் கேள், சீலிங் ஃபேனில் தலை இடித்த வீக்கம் இருக்கிறது.

அந்த வாசகத்தை மூன்று அதிகாரிகள் நிறுத்தச் சொன்னார்கள். "சொக்கலிங்கம், யே எக்ஸ்ட்ரா டயலாக் கியோன்?" என்றார் ஒருவர், எதற்கு இந்தக் கூடுதல் வசனமாம். டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பக்தவத்சலம், "உன் தமிழைக் கேட்கறதுக்குள்ள அடுத்த கப்பலும் போயிடுதுப்பா" என்பான். நான் விடவில்லை. இப்போது தெரிகிறது ஏன் விடவில்லை என்று. கடல் மட்டத்துக்குப் பதினோராயிரம் அடி மேலே, பனிக்கு நடுவே, அது ஒரு கோல் போஸ்டைக் காவல் காக்கிறது.

ஆகையால் கவனமாகக் கேள். அந்தப் பத்மாவிடம் சொல்லாதே. பெயரைக் கேட்டால் மாயவரத்துப் பெண் மாதிரி இருக்கிறது, ஏமாந்துவிடாதே, லடாக்காரி. அவளுக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. டோல்கர் மேடம் இருக்கிறாள். பிறந்ததில் இருந்து ஐஸ் இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரே ஒரு அறிவிப்பு. அதையும் கொடுத்துவிட்டு நீ எதைக் கட்டிக்கொண்டு நிற்பாய்? நானாக இருந்தால் கேட்டவளிடம் ஏதாவது பஞ்சாங்கத்தை ஒப்பித்துக் காட்டியிருப்பேன்.

நீ கதவு திறந்து மூடுகிறாய் என்று படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மாலையில் ஹட்பே கப்பல் போனதும் மைக்கைப் பிடித்தேன். என்ன சொன்னேன் தெரியுமா? "கவனிக்கவும். லே நகரில் பெஞ்சில் நிற்கும் பயணி கார்த்திகாவின் கவனத்துக்கு. உங்கள் கப்பல் இன்னும் புறப்படவில்லை."

சொன்னேன் பார், கடல் ஒரு நிமிடம் நின்றது. ஏழு திமிங்கிலங்கள் வரிசையாகத் தலையைத் தூக்கின. நிக்கோபாரில் தென்னை மரங்கள் தாமாகக் காயை உதிர்த்தன. பாராடாங்கில் மண் எரிமலை ஒரு தரம் விக்கியது. கடற்படைக் கப்பல் ஒன்று சங்கு ஊதி எனக்குப் பதில் சொன்னது. நீ அன்றைக்குச் சாயங்காலம் தும்மினாயா? அது நான்தான்.

டோல்கர் மேடத்துக்கு என் குரல் நல்ல குரல் என்று தெரிந்திருக்கிறது. பரவாயில்லை, அவளுக்கும் ரசனை இருக்கிறது. அதற்காக அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

பிளாக் இன்னும் அப்படியே இருக்கிறது.

மாமா

*

லே
1 பிப்ரவரி

மாமா,

தும்மவில்லை. அம்மாவுக்கு போன் செய்து மைக் கதையைக் கேட்டேன், "உங்க மாமன் சொல்றதுல பாதிக்கு மேல எடுத்தா வயித்துக்கு ஆகாது" என்று சிரித்தாள். நீங்கள் இப்போது மைக்கில் இல்லை, நந்தகுமார்தான் வாசிக்கிறான் என்றும் சொன்னாள். தொண்டை சரியில்லையாமே?

நேற்று செமிஃபைனல். நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும், இங்கே யாரிடமும் சொல்ல முடியாது.

முதல் இரண்டு பகுதியும் பத்மா நின்றாள். நாங்கள் ஐந்து கோல் அடித்திருந்தோம், அவளிடம் ஒன்றும் விழவில்லை. வெகுநேரம் பக் அவள் பக்கம் வரவே இல்லை. அதுதான் கோலிக்கு ஆபத்தான நேரம். குளிர் ஏறும், மனது எங்கேயோ போகும். அப்போது நடு மைதானத்திலிருந்து ஒருத்தி சும்மா தள்ளிவிட்டாள். குழந்தை உருட்டிவிட்ட மாதிரி வந்தது. பத்மாவின் மட்டைக்கு அடியில் புகுந்து போய்விட்டது. ஹாரன் அடித்தது. அவள் வலைக்குள் கிடந்த பக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவர் எடுத்துக்கொண்டு போன பிறகும் அந்த இடத்தையே பார்த்தாள். அடுத்து வரிசையாக மூன்று விழுந்தது. மூன்றையும் நான்கூடப் பிடித்திருப்பேன்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வயிற்றில் சூடாக டீ இறங்கின மாதிரி இருந்தது.

கடைசிப் பகுதிக்கு மேடம் என்னை இறக்கினாங்க. கதவை எனக்கு பத்மா திறந்துவிட்டாள். இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். போய் நின்றேன். முதல் அடி நேராக என் மார்புக்கு வந்தது. நான் பார்க்கவே இல்லை, மாமா. நான் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்மா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தாள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக் என் தோளில் பட்டு உள்ளே போனது.

திரும்பி நின்று கம்பத்தைத் தட்டினேன். நம் அறிவிப்பைச் சொல்ல வாயெடுத்தால், பெஞ்சிலிருந்து பத்மா என் உதட்டையே பார்க்கிறாள். கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்திக்கொண்டு சொன்னது எனக்கே கேட்கவில்லை. தலை காலியாகவில்லை. எதிரணி இன்னொரு கோல் போடாதது அவர்களின் துரதிர்ஷ்டம். ஆறுக்கு ஐந்தில் ஜெயித்தோம், ஆறாவதைப் போட்டது யார் என்றுகூட எனக்குத் தெரியாது.

10ஆம் தேதி ஃபைனல். அன்று காலைப் பயிற்சியில் யார் நிதானமாக இருக்கிறாளோ அவள் நிற்பாள் என்று மேடம் சொல்லிவிட்டாங்க. ராத்திரி முழுக்க பத்மா தூங்கவில்லை, எங்கள் இருவருக்கும் ஒரே அறை. காலையில் மறுபடி கேட்டாள். "கார்த்திகா, சத்தியமா கேக்கறேன். கோல் விழுந்ததும் நீ என்னதான் சொல்ற? எனக்கு அது போகவே மாட்டேங்குது." நான் "ஒண்ணுமில்ல, தொண்டையில சளி" என்றேன்.

அவளுக்குச் சொன்னால் அவள் நிற்பாள். சொல்லாவிட்டால் நான் நிற்பேன். நீங்கள் சொல்லாதே என்று எழுதிவிட்டீர்கள். அதைப் படித்ததும் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லை. என் மனதில் இருப்பதையே இன்னொருவர் கையெழுத்தில் பார்த்தால் அசிங்கமாகத் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கார்த்திகா

*

மின்னி பே
8 பிப்ரவரி

மருமகளே,

இது போய்ச் சேருவதற்குள் ஃபைனல் முடிந்திருக்கும் என்று தெரியும். இருந்தாலும் எழுதாமல் இருந்தால் கை வெடித்துவிடும்.

அசிங்கமா? என் கையெழுத்தைச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சளி என்றாயே, பலே. அதையே பிடித்துக்கொள். சொல்லாதே. நீ ஒருத்தி மட்டும் நிற்பதற்காக நான் ராஜ்பவன் அளவுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண் அழுதாள் என்கிறாய். அழுகிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். அதனால்தான் பார்க்காதே என்கிறேன்.

எனக்குத் தொண்டை நன்றாகவே இருக்கிறது. நந்தகுமாரைப் பற்றி என்னிடம் பேசாதே.

மாமா

*

லே
12 பிப்ரவரி

மாமா,

என் போன கடிதத்துக்கு உங்கள் பதில் இன்னும் வரவில்லை, வந்தாலும் அதில் என்ன இருக்கும் என்று தெரியும்.

சொல்லிவிட்டேன்.

நல்ல மனதால் சொன்னேன் என்று அம்மாவிடம் கதை கட்டாதீர்கள். செமிஃபைனலுக்குப் பிறகு எல்லாப் பயிற்சியிலும் எனக்கு பக் தெரியவில்லை. பத்மாதான் தெரிந்தாள். அவள் எத்தனை விட்டாள், மேடம் அவளிடம் என்ன பேசினாங்க, அவள் ரொட்டியை முழுசாகச் சாப்பிட்டாளா, இதெல்லாம் எனக்கு மனப்பாடம். கோலி என்றால் பக்கைப் பார்க்க வேண்டும், நான் இத்தனை நாளாக இன்னொரு கோலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றால் கை எப்படி பக்கைப் பிடிக்கும்?

ஃபைனல் அன்று காலை. பத்மா கால்காப்பை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"பத்மா, இங்க பாரு. நான் சொல்றது எங்க ஊர் ஜெட்டியில சொல்ற அறிவிப்பு."

"அறிவிப்பா? நான் மந்திரம்னு நினைச்சேன்."

"மந்திரம் இல்ல. எங்க மாமா சொல்வாரு. கப்பல் போயிடுச்சு, கடலைப் பார்த்து நிக்காதே, அடுத்த வரிசைக்கு வா."

அவள் கடலையே பார்த்ததில்லை, மாமா. ஆனால் சட்டென்று பிடித்துக்கொண்டாள். "கணவாய் மூடிட்டாங்க, கடைசி லாரி போயிடுச்சு, ரோட்டைப் பார்த்து நிக்காதே. அதானே?" என்றாள். பிறகு நான் போட்ட ஒரு கள்ளத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அதை இந்தியில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். தமிழில்தான் சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடக் கூடாது என்று இருந்தது. அவள் சளைக்கவில்லை. உதட்டைக் குவித்து, "தவராவிட்ட பயாணிகள்" என்று பத்து தடவை சொல்லிப் பார்த்தாள். உங்கள் இழுப்புக்கூட வந்துவிட்டது.

காலைப் பயிற்சியில் எனக்குப் பட்டப்பகல் மாதிரி பக் தெரிந்தது. வந்ததையெல்லாம் பிடித்தேன். பத்மாவும் பிடித்தாள். மேடம் எங்கள் இருவரையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பத்மா" என்றாங்க. அவ்வளவுதான். நான் போய்க் கதவுப் பக்கம் நின்றேன்.

ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே அவளுக்கு ஒன்று விழுந்தது. அவள் திரும்பினாள். கம்பத்தைத் தட்டினாள். தலைக்கவசத்துக்குள்ளே உதடு அசைந்தது. பெஞ்சிலிருந்து கேட்காது, ஆனால் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "வரிசைக்கு வரவும்" முடிந்ததும் இந்தப் பக்கம் திரும்பிக் குனிந்து நின்றாள். அதற்குப் பிறகு அவளைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தோம்.

எல்லோரும் அவள் மேல் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அவள் கழுத்தில் மெடலைப் பார்த்ததும் நெஞ்சு எரிந்தது, என் கழுத்திலும் அதே மெடல்தான் தொங்கியது. ஆனால் ஆட்டம் முழுக்க பக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கதவை ஒரு தடவைகூடத் தாமதமாகத் திறக்கவில்லை.

அடுத்த மாதம் இமாச்சலத்தில், காசா என்ற ஊரில் ஒரு போட்டி இருக்கிறது. மேடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பத்மா மட்டும், "அந்த மாமாவோட போன் நம்பர் குடு, நன்றி சொல்லணும்" என்றாள். தன்னை பெஞ்சில் உட்காரவைக்கச் சொன்ன மாமாதானே என்றும் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அறைக்கண்ணாடி அதிர்ந்தது. இந்த மிகைப்படுத்தல் உங்களிடமிருந்து வந்த வியாதி.

பிளாக்கை எடுத்துவிட்டேன். வாய்ஸ் மெசேஜ் ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

கார்த்திகா

*

மின்னி பே
22 பிப்ரவரி

மருமகளே,

பிளாக்கை எடுத்தது தெரியும். இருந்தாலும் இதைக் கடிதத்தில்தான் எழுதமுடியும். ஒரு நிமிடத்தில் அடங்காது. தவிர, என் முகத்தைப் பார்க்காமல் நீ படிக்க வேண்டும்.

முதலில் என் எரிச்சலை எழுதிவிடுகிறேன். என் வாசகம். நான் மூன்று அதிகாரிகளோடு சண்டை போட்டுக் காப்பாற்றிய வாசகம். அதைக் கடலையே பார்க்காத ஒரு பெண் சொல்லி மெடல் வாங்கினாள். பத்மா நேற்று போன் செய்தாள். "மாமாஜி" என்றாள். அதற்குப் பிறகு முழு அறிவிப்பையும் சொல்லிக் காட்டினாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். அத்தை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "உங்களுக்கு அப்புறம் இந்தப் பொண்ணையே ஜெட்டிக்குப் போடலாம்" என்றாள். நான் அன்று ராத்திரி ரசம் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அப்பளம் மட்டும்தான். ஏழெட்டு.

அடுத்து, நந்தகுமார். அவன் மைக்கில் உட்கார்ந்திருக்கிறான், நான் கேங்வே பக்கம், கப்பலில் ஏறும் பலகை ஓரம் நிற்கிறேன். பயணிகளின் டிக்கெட்டைக் கிழித்து, சங்கிலியைக் கழற்றி உள்ளே விட்டு, திரும்ப மாட்டுகிறேன். ஆம், கதவுதான். நாள் முழுக்கக் கதவு. அவன் மைக்கை வாய்க்குள் போட்டுக்கொண்டு பேசுகிறான், ஒரு சொல்கூட யாருக்கும் விளங்கவில்லை. ரங்கத் போக வந்த கிழவர் ஒருவர் நீல் தீவுக் கப்பலில் ஏறப்பார்த்தார். எனக்கு அப்போது வயிற்றில் சூடாக டீ இறங்கியது. உன் கடிதத்தில் இருந்த அதே டீ. எந்தக் கடையில் போடுகிறார்களோ தெரியவில்லை.

உன் 12ஆம் தேதிக் கடிதத்தைப் படித்த மறுநாள் அவனிடம் போனேன். "டேய், மைக்கை ஒரு சாண் தள்ளிப் பிடிடா. மூச்சு அதுல விழக்கூடாது" என்றேன். "சரி பய்யா, தேங்க்ஸ்" என்றான். இப்போது தெளிவாகக் கேட்கிறது. அன்று மாலை, யார் சொல்லிக் கொடுத்தார்களோ, "கடலைப் பார்த்து நிற்க வேண்டாம்" என்பதையும் அவனாகச் சேர்த்துச் சொன்னான். சங்கிலியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். எரிந்தது. பக்தவத்சலம் கவுண்டர் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, "என்ன சொக்கு, காதுல புகை வருது" என்றான். வந்ததுதான்.

இனி கதைக்கு வருகிறேன். ஜங்லிகாட் ஐஸ் ஃபேக்டரியில் குழாய் வெடிக்கவில்லை. ஏழடி மாலுமி யாரும் வரவில்லை. சூரை மீனைக் குழம்பு வைத்ததைத் தவிர வேறு எதற்கும் நான் பயன்படுத்தியதில்லை. ஜெகநாதன் உறையவில்லை, பாத்து பஸ்தியில் பேரன் பேத்தியோடு உலர்ந்து சௌக்கியமாக இருக்கிறான். ஏழு திமிங்கிலங்கள் தலையைத் தூக்கவில்லை. தென்னை மரங்கள் காயை உதிர்க்கவில்லை. பாராடாங் எரிமலைக்கு என்னைத் தெரியவே தெரியாது. கடற்படை எனக்கு எதுவும் ஊதவில்லை. அத்தனையும் உன் டோல்கர் மேடத்துக்கு முன்னால் நான் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்று புளுகியது.

ஒரே ஒரு சின்னத் துண்டு பாக்கி இருக்கிறது.

ஹட்பே கப்பல் போன பிறகு ஜெட்டி காலியாகிவிட்டது என்று நினைத்து மைக்கைப் பிடித்தேன். கவனிக்கவும், பயணி கார்த்திகாவின் கவனத்துக்கு, உங்கள் கப்பல் இன்னும் புறப்படவில்லை என்றேன். உன் பெயரைச் சரியாகக் கேட்காமல், கடைசி வாக்கியத்தை மட்டும் கேட்டு, ஹட்பே கப்பலைத் தவறவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த நாலைந்து குடும்பங்கள் பெட்டி, சாக்கு, கோழிக்கூடை எல்லாவற்றோடும் திரும்ப ஓடிவந்தார்கள். கப்பல் எங்கே என்றார்கள். கடலைக் காட்டினேன். வடை விற்கும் மருதாயி வந்து நடுவில் நிற்காவிட்டால் அடி விழுந்திருக்கும். மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு தாள் வந்தது, மைக் நந்தகுமாரிடம் போனது. தொண்டை என்று உன் அம்மாவிடம் சொன்னது நான்தான்.

ஓடிவந்தவர்களில் ஒருத்தியின் பெயரும் கார்த்திகா என்று எழுதக் கை அரிக்கிறது. இல்லை, அப்படி யாரும் இல்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன். அது மட்டும் நிஜம்.

மாமா